மூன்று வெள்ளை நகங்கள்

எனக்கு முதல் வேலை கிடைத்தது குந்தியிருந்ததற்காக.

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் அப்போது ஒரு ஜப்பான் தொழிற்சாலை இருந்தது. சின்ன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றும் இடம். அதன் மெனேஜர் ஐம்பதைத் தாண்டிய ஜப்பான்காரர். மனிதருக்கு பேஸ்போல் பைத்தியம். தொழிற்சாலைக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிக் கிடந்த வெறும் நிலத்தை வெட்டிச் சமப்படுத்தி மைதானம் போட்டார். வேலைக்கு இருந்த ஆட்களில் ஓடத் தெரிந்தவர்களையும் எறியத் தெரிந்தவர்களையும் பொறுக்கி அணி சேர்த்தார். கெச்சர் மட்டும் அகப்படவில்லை. பந்தை அடிக்கத் துடுப்பு வைத்திருப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, அடிபடாமல் வரும் ஒவ்வொரு பந்தையும் பிடிக்கிறவன்தான் கெச்சர். இரண்டு மணித்தியாலம், சில நாட்களில் மூன்று மணித்தியாலம், எழும்பவும் உட்காரவும் வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் அரை மணித்தியாலத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கண்டியில் ஒரு சின்னக் கிரிக்கெட் கழகத்துக்கு விக்கெட் காத்துக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு போதாமல், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கும் நகரத்துக்கும் சும்மா நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அந்த ஜப்பான்காரர் மைதானத்துக்குள் வந்தார். பையிலிருந்து தோல் பந்து ஒன்றை எடுத்து, என் மார்புக்கு நேரே எறிந்தார். பிடித்தேன். இன்னொன்று. அதையும் பிடித்தேன். பிறகு கையால் தரையைக் காட்டி, குந்து என்று சைகை செய்தார். குந்தினேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் குந்தியிருப்பது ஒரு பெரிய விஷயமா? நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அவருக்குத்தான் கால் வலித்தது. சிரித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை நியமனக் கடிதம் வந்தது.

கடிதத்தில் 'களஞ்சிய உதவியாளர்' என்று இருந்தது. ஆனால் மெனேஜரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் தெளிவாகவே சொன்னார்: காலையில் ஸ்டோர்ஸ், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைதானம், சனிக்கிழமைகளில் ஆட்டம். மற்றவர்கள் எல்லாம் வேலைக்கு வந்து, பிறகு விளையாட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள். விளையாடுவதற்காகவே சம்பளத்துக்கு எடுத்தது என்னை மட்டும்தான்.

அப்பா கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பந்து புடிக்கிறதுக்கு எவன்பா சம்பளம் குடுப்பான்? என்னமோ இருக்கு. கையெழுத்துப் போடாத."

"எல்லாம் எழுதியிருக்குப்பா."

"எழுதினது சரி. எழுதாதது என்னா?"

அந்த நாட்களில் வெளிநாட்டு ஆட்கள் தோட்டத்துப் பிள்ளைகளை வேலை என்று கூட்டிக்கொண்டு போய் சிறுநீரகத்தை எடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு கதை லயமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் பின்னேரம் மைதானத்துக் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி. பயிற்சி முடியும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்: "அவன் எறியிறான், நீ புடிக்கிற, திருப்பிக் குடுக்கிற. மறுபடி எறியிறான். இதுல கள்ளம் எங்க இருக்குன்னு எனக்குப் புடிபடல." புடிபடாததாலேயே அவருக்குப் பயம் கூடியது என்று நினைக்கிறேன்.

ஸ்டோர்ஸில் இருந்த களஞ்சியப் பொறுப்பாளருக்கு வேறு சந்தேகம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. முதல் நாளே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் இங்க என்னத்துக்கு வந்தனீர்?"

"பேஸ்போல் விளையாட, அங்கிள்."

"அது எனக்கும் சொன்னவை. நான் கேட்டது உண்மையை."

மெனேஜர் தன்னை வேவு பார்க்க ஒரு ஆளை வைத்திருக்கிறார் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நான் உள்ளே வந்தால் மேசை இழுப்பறையைப் பூட்டுவார். அலுமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போடுவார். நான் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தால் பின்னால் வந்து அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. மதியம் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு மீன் துண்டை என் பக்கம் தள்ளுவார். தள்ளிவிட்டு, நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி, பிச்சர். கெச்சருக்குப் பந்தை எறிகிறவர் அவர்தான். இயந்திரப் பகுதியில் வேலை செய்த சிங்களவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நீளக் கைகள். என்னை 'மல்லி', தம்பி என்று கூப்பிடுவார். நாங்கள் பேசியது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பஸ்ஸிலும் கடையிலும் படித்தது, அவர் திருத்தித் திருத்திச் சரியாக்கினார். பந்து எறிவதில் அவருக்கு மூன்று வகை இருந்தது: வேகமான நேர் பந்து, கடைசி நேரத்தில் கீழே வளைகிற பந்து, வேகம் குறைந்த ஏமாற்றுப் பந்து. எதை எறிய வேண்டும் என்று சொல்வது கெச்சரின் வேலை. வாயால் சொன்னால் துடுப்புக்காரனுக்குக் கேட்கும். அதனால் குந்தியிருந்தபடி வலக்கையைத் தொடைகளுக்கு நடுவில் மறைத்து விரலால் காட்ட வேண்டும். ஒரு விரல் நேர், இரண்டு வளைவு, மூன்று வேகம் குறைந்தது.

மெனேஜர் இதைப் படமாக வரைந்து எனக்கு ஒரு தாள் தந்தார். கையின் படங்கள், எண்கள், பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் குறிப்புகள். பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு சிக்கல். பின்னேரம் மூன்றரைக்கெல்லாம் ஆற்றங்கரை மரங்களின் நிழல் நான் குந்தும் இடத்தில் விழுந்துவிடும். நானோ நல்ல கறுப்பு. பிச்சருக்கு அத்தனை தூரத்திலிருந்து என் விரல்கள் தெரியவில்லை. ஒரு நாள் நான் வளைவுப் பந்து கேட்டேன். அவர் ஒரு விரல்தான் என்று நினைத்து முழு வேகத்தில் நேர் பந்தை விட்டார். பந்து கீழே வளையும் என்று நான் கையுறையை இறக்கி வைத்திருக்க, அது நேராக வந்து முகக்கவசத்தில் அடித்தது. காதுக்குள் இரண்டு நாள் கோவில் மணி அடித்தது.

அடுத்த நாள் ஸ்டோர்ஸ் மேசையில் இருந்த வெள்ளை மைக் குப்பியை எடுத்தேன். தட்டச்சுப் பிழையை அழிக்கிற மை. வலக்கையின் மூன்று நகங்களில் பூசிக்கொண்டேன். பிச்சர் தூரத்திலிருந்து கையைத் தூக்கி, தெரிகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பூசுவேன். திங்கட்கிழமைவரை நகத்தில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பிகள் வேகமாக முடிவதைப் பொறுப்பாளர் கவனித்தார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருடைய வழி.

அப்போது எங்களோடு விளையாட நாலைந்து அணிகள்தான் இருந்தன. அவர்களில் பலமானது கொழும்பிலிருந்து வரும் ஒரு கப்பல் கம்பனி அணி. நல்ல உடுப்பு, சொந்த பஸ். அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு தமிழர். முதல் ஆட்டத்தில் எங்கள் பிச்சரின் வளைவுப் பந்தை அவர்கள் ஒவ்வொருவரும் காத்திருந்து அடித்தார்கள். வேறு எந்த அணியாலும் தொடமுடியாத பந்து அது. தோற்றோம். அதுவும் சாதாரணமாக இல்லை.

ஆட்டம் முடிந்து நான் கால்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"ஹந்தானை, சேர்."

"நல்லாப் பிடிக்கிறீங்க. கொழும்புப் பக்கம் வந்தா என்னைப் பாருங்க."

இவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் அணி முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிச்சர் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தபடி குடிக்காமல் நின்றார்.

"தமிழ்ல என்ன பேசினாரு?" என்று பிறகு கேட்டார்.

"ஊர் கேட்டாரு."

"ஊர் மட்டுமா?"

"ஊர் மட்டும்தான்."

ஏன் பாதியை மறைத்தேன்? இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேட்ட விதம் அப்படி. உண்மையை முழுதாகச் சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

யாரோ எங்கள் விரல் குறிகளை எதிர் அணிக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு இயந்திரப் பகுதியிலிருந்து ஸ்டோர்ஸ்வரை வந்தது. குறிகள் தெரிந்தவர்கள் மெனேஜர், பிச்சர், நான். மெனேஜர் தன் அணியைத் தானே விற்கமாட்டார். மிச்சம் இரண்டு பேர். நான் விற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால்?

அதே மாதம் கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் பிச்சரைக் கண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தது அந்தக் கொழும்புப் பயிற்சியாளர். இருவருக்கும் நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ், யாரும் தொடவில்லை. நான் கடைக்குள் போகாமல் தெருவைக் கடந்துவிட்டேன். அடுத்த நாள் பிச்சரிடம், "நேத்து டவுனுக்குப் போனீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "இல்ல மல்லி, வீட்டுலதான்" என்றார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பொறி வைத்தேன். ஆட்ட நாள் காலையில்தான் குறிகளை மாற்றினேன். ஒரு விரல் வளைவு, இரண்டு விரல் நேர். மெனேஜரிடம்கூடச் சொல்லவில்லை, பிச்சரிடம் மட்டும் சொன்னேன். முதல் இரண்டு சுற்றுகளில் கொழும்பு ஆட்கள் வெறும் காற்றை அடித்தார்கள். துள்ளிக் குதிக்காத குறை எனக்கு. பிறகு எங்கள் அணி துடுப்பெடுத்த நேரம் பிச்சர் எழும்பி, எதிர் அணி உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார். எங்கள் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. மூன்றாம் சுற்றிலிருந்து அவர்கள் மறுபடியும் எல்லாவற்றையும் அடித்தார்கள்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் அவருக்கும் சாட்சி கிடைத்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கெச்சர் அவங்க காதுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருக்கிறான். முணுமுணுத்தா நமக்கு எங்க கேக்கப்போகுது?"

நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டேன். ஆட்டம் முடிந்த பிறகு முகக்கவசம் மாட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பயிற்சியில் எறிந்தோம், பிடித்தோம், பேசவில்லை. அவர் தேவைக்கு அதிகமான வேகத்தில் எறிவார். நான் தேவைக்கு அதிகமான வேகத்தில் திருப்பி எறிவேன். மெனேஜர் வேறொரு ஆளைக் குந்தவைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. சில நாட்களில் கண்டி நகரத்துக்குள் நுழையும் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்துவார்கள். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையாக நடந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸ் வேலைக்கு நடுவில், முகக்கவசத்தில் விட்டுப்போயிருந்த கம்பியை நகரத்தில் ஒட்டவைக்கப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அட்டையை நீட்டினேன். பொலிஸ்காரர் அட்டையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"இது என்ன?"

மூன்று நகங்களில் வெள்ளை மை.

"விளையாட்டுக்குப் பூசினது, சேர்."

"பையைத் திற."

இரும்புக் கம்பி முகக்கவசம். மார்புக்கவசம். கையுறை, அதற்குள் ஒரு பந்து. முழங்காலிலிருந்து பாதம்வரை கால்கவசம். அடியில், மடித்து வைத்த தாள். கையின் படங்கள், எண்கள், யாராலும் வாசிக்க முடியாத எழுத்து. தோட்டத்து விலாசம் போட்ட தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. நானே அந்தப் பொலிஸ்காரராக இருந்தாலும் என்னைப் போகவிட்டிருக்க மாட்டேன்.

பஸ் போய்விட்டது. என்னைப் பக்கத்திலிருந்த காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கதிரையில் உட்காரவைத்து, எதிரே பொறுப்பதிகாரி உட்கார்ந்தார். தாளை மேசையில் விரித்தார்.

"யாருக்குக் காட்டுற குறி இது?"

"பந்து எறியிறவருக்கு, சேர்."

"ஏன் வாயால சொல்லக்கூடாது?"

"சொன்னா எதிர் அணிக்குத் தெரிஞ்சிரும்."

"அப்போ ரகசியம்."

"ரகசியம்தான் சேர், ஆனா விளையாட்டு ரகசியம்."

"விளையாட்டுக்குப் பேரு?"

"பேஸ்போல்."

அவர் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள் தோளைக் குலுக்கினார். தொழிற்சாலை இலக்கத்தைக் கொடுத்தேன். மெனேஜர் கொழும்புக்குப் போயிருந்தார். தொலைபேசியை எடுத்தவர் களஞ்சியப் பொறுப்பாளர். அதிகாரி அவர் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார், எழுதிய பெயரை ஒருதரம் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கிற மனிதர் எனக்காக என்ன சொல்லப்போகிறார்? அப்படியே சொன்னாலும் அந்தப் பெயருக்கு அந்த நேரத்தில் என்ன மதிப்பு?

பதினொரு மணிக்குப் போனவன் மூன்று மணிவரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன். வெளியே பஸ்கள் நிற்பதும் போவதும் கேட்டது. அப்பா கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றது ஞாபகம் வந்தது. இந்தச் செய்தி தோட்டத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை மட்டும்தான் யோசித்தேன்.

மூன்று மணிக்குப் பிச்சர் வந்தார். தொழிற்சாலை உடுப்போடு, கையில் ஒரு கடிதம். தொழிற்சாலை முத்திரையோடு பொறுப்பாளர் தட்டச்சு செய்து அனுப்பியது. அதிகாரி வாசித்தார். திருப்தி இல்லை.

"இவன் உங்க ஆளா?"

"ஓம் சேர், எங்க கெச்சர்."

"இந்தக் குறி உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி, ரெண்டு பேரும் வெளியில வாங்க."

நிலையத்துக்குப் பின்னால் வாகனம் நிறுத்தும் முற்றம். பிச்சரை ஒரு மூலையில் நிறுத்தினார். என்னை மறு மூலையில் குந்தச் சொன்னார். தான் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இவன் காட்டுறதை நீ எறி. என்ன எறியப்போறேன்னு இவன் எனக்கு முதல்லயே காதுல சொல்லணும்" என்றார். புத்திசாலி மனிதர். இரண்டு பேரும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடுகிறோமா என்று பார்க்கிறார்.

முகக்கவசத்தை மாட்டிக் குந்தினேன். வேலை பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அதிகாரியிடம் "வளைவு" என்று முணுமுணுத்து விரலைக் காட்டினேன். பிச்சர் எறிந்தார். பந்து வந்து கடைசியில் கீழே விழுந்தது. "நேர்" என்றேன். நேராக வந்து கையுறைக்குள் வெடித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

நாலைந்து பந்துக்குப் பிறகு, என் இடப்பக்கம் சுவரோரமாக நின்ற கான்ஸ்டபிள் சொன்னார்: "இப்ப வளையப்போகுது."

பந்து வளைந்தது.

"இப்ப நேரா."

நேராக வந்தது.

நான் விரலைக் காட்டியபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். அதிகாரியும் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியுது?"

"கஷ்டமே இல்ல சேர்" என்று அவர் சிரித்தார். "இங்கிருந்து பார்த்தா முழங்காலுக்குக் கீழால வெள்ளை நகம் பளிச்சுன்னு தெரியுது. ஒண்ணா ரெண்டான்னு எண்ணினாப் போதும்."

அவர் நின்ற இடம், மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம், ஓடுகிறவன் திரும்பி வருமுன் கடைசியாகத் தொடும் இடம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கொழும்புப் பயிற்சியாளர் நிற்கிற இடம். குறியை எத்தனை தரம் மாற்றினாலும் ஒன்றிரண்டு சுற்று பார்த்தால் அவருக்கு விளங்கிவிடும். அதை அவர் ஒரு இருமலாலோ கைதட்டலாலோ தன் ஆளுக்குச் சொல்லிவிடலாம். விற்றவர் யாருமில்லை. நான்தான் வெள்ளை பூசி ஊருக்கே காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிச்சர் முற்றத்தின் மறு மூலையில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது.

அதிகாரி தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "நகத்தைச் சுரண்டிட்டுப் போ" என்றார். கான்ஸ்டபிள் ஒரு சவர அலகு கொண்டுவந்து தந்தார். நிலையத்துப் படியில் உட்கார்ந்து மூன்று நகங்களையும் சுரண்டினேன். பிச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டோர்ஸ் மாத்தயா பன்னிரண்டு மணிக்கே ஓடிவந்து சொல்லிட்டாரு" என்றார். மாத்தயா என்றால் ஐயா, பொறுப்பாளரைத்தான் சொன்னார்.

பன்னிரண்டு மணி. குண்டசாலையிலிருந்து இங்கே வர அரை மணித்தியாலம் ஆகாது.

"நான் மெஷின் பக்கத்துலேயே நின்னேன், மல்லி. எங்க குறியை வித்தவன் வேற எதையும் வித்திருப்பானோன்னு யோசிச்சேன். ரெண்டு மணித்தியாலம் யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அவரைப் பிடித்துவைத்து என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் எத்தனை மணித்தியாலம் யோசித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்குக் குழாயடிக்கு ஏன் போனீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிக்க."

"நம்ம பக்கம் வாளி இருந்ததே?"

"அதுல எல்லாரும் கை கழுவியிருந்தாங்க."

"தேநீர்க் கடைல அந்தக் கோச்சோட இருந்தீங்களே?"

அவர் முகம் மாறியது. கீழே பார்த்தார். "வேலை கேக்கப் போனேன். அங்க சம்பளம் கூட. உங்ககிட்ட சொன்னா வித்தது நான்தான்னு நினைப்பீங்கன்னு மறைச்சேன்."

"கொழும்புக்கு வரச்சொல்லி என்னையும் கூப்பிட்டாரு" என்றேன். "அதைத்தான் நான் மறைச்சேன்."

இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். அவர் தன் பையிலிருந்து மீன் அடைத்த இரண்டு மாலு பணிஸ் எடுத்தார். எனக்காகத்தான் வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். ஆறிப்போயிருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவனுக்கு அது ஒரு குறையில்லை.

அடுத்த நாள் ஸ்டோர்ஸுக்குப் போனபோது பொறுப்பாளர் எழும்பி நின்றார். "நான் வந்திருந்தா உம்மோட சேத்து என்னையும் வச்சிருப்பாங்கள், தம்பி. அதுதான் அவரை அனுப்பினனான். கோபிக்காதையும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளை மையெல்லாம் எங்க போகுது எண்டு மூண்டு மாசமா மண்டையைப் போட்டு உடைச்சனான். வாய் திறந்து கேட்டிருக்கலாம்" என்றார். அன்றைக்கு இழுப்பறையைப் பூட்டவில்லை. அடுத்த நாள் பூட்டினார். பழக்கம் அவ்வளவு சுலபமாக விடாது.

கொழும்பு அணியோடு மூன்றாவது ஆட்டத்துக்கு முன் நாங்கள் இரண்டு விஷயம் செய்தோம். குறி காட்டும்போது என் இடக்கைக் கையுறையை இடது முழங்காலுக்கு வெளியே தொங்கவிட்டு மறைத்தேன். எந்தக் கெச்சருக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம் அது, ஆனால் எனக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை, மெனேஜர் தன் ஊரில் எறிந்த ஆள்தான், குந்திய ஆள் இல்லை. இரண்டாவது, பிச்சர் ஒரு யோசனை சொன்னார்: வெள்ளை பூசுவதை நிறுத்தவேண்டாம். முதலில் கையுறையால் மறைத்து உண்மைக் குறியைக் காட்டினேன். பிறகு கையுறையை எடுத்துவிட்டு ஒரு பொய்க் குறியை நன்றாகத் தெரியும்படி காட்டினேன். மூன்றாம் பேஸ் பக்கம் நின்ற பயிற்சியாளர் இருமினார். அவருடைய ஆட்கள் நேர் பந்துக்குத் துடுப்பை வீசினார்கள், பந்து கீழே விழுந்தது. ஐந்தாம் சுற்றில் அவர் இருமுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நாங்கள் வென்றோம். அந்த அணியை வென்றது அந்த ஒரு தரம்தான்.

அந்த வருடக் கடைசியில் பிச்சர் கொழும்புக்குப் போனார். கேட்ட வேலை கிடைத்துவிட்டது. அவர் இல்லாமல் நான் இன்னும் இரண்டு பருவம் பிடித்தேன். பெருவிரல் இரண்டு தரம் உடைந்தது. இரண்டாவது தரம் சரியாகப் பொருந்தவில்லை. தொழிற்சாலையும் கொஞ்சக் காலத்தில் மூடி, மெனேஜர் ஊருக்குப் போனார். எனக்குக் கண்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் களஞ்சிய வேலை கிடைத்தது. இந்தத் தரம் உண்மையான களஞ்சிய வேலை.

அதற்கெல்லாம் முன்னால், பெருவிரல் இரண்டாவது தரம் உடைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, பழைய பிச்சர் கொழும்பு உடுப்பில் எங்கள் மைதானத்துக்கு வந்தார். அவருடைய முறை வந்தது. எனக்கு முன்னால் துடுப்போடு நின்றார். என் பழைய குறிகள் அனைத்தும் அறிந்தவர். அதனால் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "கேட்டாங்க. சொன்னேன். அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்."

"தெரியும். மாத்திட்டேன்."

"அதையும் சொன்னேன். மாத்தியிருப்பான்னு."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் புதுப் பிச்சர் காத்துக்கொண்டிருந்தான். வளைவுப் பந்தைக் கேட்டேன். அவர் பாதி ஏமாந்து, துடுப்பின் நுனியால் பந்தைத் தொட்டார். அது நேர் மேலே போனது. முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் வேலிவரை ஓடினேன். வெயில் கண்ணில் அடித்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாமலே கையுறையை விரித்தேன், பந்து அதற்குள் வந்து விழுந்தது. அவர் ஆட்டமிழந்தார்.

திரும்பி வரும்போது அவர் இன்னும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். புழுதியில் கிடந்த என் முகக்கவசத்தைக் குனிந்து எடுத்தார், தன் சட்டை முனையால் கம்பிகளைத் துடைத்தார், என் கையில் தந்துவிட்டுத் தன் ஆட்களிடம் போனார்.